மன்னார் வளைகுடாத் தீவுகள்: முத்துப் பார்களிலிருந்து தேசியப் பூங்கா வரை

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. வரிசையின் நீளம் சுமார் 140 கிலோமீட்டர். இந்தத் தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இராமநாதபுரம், தூத்துக்குடி ஆகிய இரு மாவட்டங்களின் கடலோரமாக அந்தப் பூங்கா நீள்கிறது.

தீவுகளை நான்கு தொகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். மண்டபம் தொகுதியில் சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முசல் என ஏழு. கீழக்கரைத் தொகுதியில் முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வள்ளிமுனை, ஆனைப்பார் என இன்னும் ஏழு. வேம்பார்த் தொகுதியில் நல்லதண்ணி, புலுவினிச்சல்லி, உப்புத்தண்ணி என மூன்று. தூத்துக்குடித் தொகுதியில் கரியாச்சல்லி, விலாங்குச்சல்லி, காசுவார், வான் என நான்கு. எல்லாவற்றிலும் பெரியது முசல் தீவு; அதன் பரப்பு 129 ஹெக்டேர். அடுத்தது 101 ஹெக்டேர் உள்ள நல்லதண்ணி. மற்றவை சிறியவை. சில தீவுகளைக் கால் மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம்.

இவை மலை முகடுகள் அல்ல, எரிமலை எழுப்பியவையும் அல்ல. பவளப் பூச்சிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய பார்களின் மேல் அலை ஒதுக்கிய உடைந்த பவளமும் சிப்பித் தூளும் மணலும் சேர்ந்து உருவான திட்டுகளே இந்தத் தீவுகள். தீவின் கடல்பக்கம் நீருக்கடியில் அரண்போலப் பவளப்பார் நிற்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்து அலை முதலில் அந்தப் பாரில் மோதி வலுவிழந்த பிறகுதான் தீவின் மணலை அடைகிறது. பார் உடைந்தால் தீவும் கரையும்; தீவு கரைந்தால் அதற்குப் பின்னால் உள்ள ஊரின் கரையும் அரிக்கப்படும். இந்தக் கடலோரத்தின் கடந்த நூறாண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த ஒரு தொடர்பை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வளைகுடா முதலில் பெயர் பெற்றது முத்தினால். தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் துறைமுகம். அதன் முத்தைச் சங்க இலக்கியம் பல இடங்களில் பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடல் பயணம்' என்ற வணிக வழிகாட்டி, பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்று குறிப்பிடுகிறது. கடலுக்கடியில் மூச்சையடக்கி வேலை செய்வது எவ்வளவு கொடுமையானது என்பதற்கு அந்தக் குறிப்பே சான்று. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதால் கொற்கை துறைமுகம் என்ற நிலையை இழந்தது. இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். அதன் இடத்தைக் காயலும், பின்னர் தூத்துக்குடியும் பிடித்தன. துறைமுகங்கள் மாறினாலும் முத்துக் கிடந்த பார்கள் மாறவில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரிவாக விவரித்திருக்கிறார். ஏப்ரலில் தொடங்கி மே மாதத்தின் நடுப்பகுதி வரை குளிப்பு நடந்தது. எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போனது. சுறாக்கள் குளியாட்களைத் தீண்டாதபடி மந்திரம் சொன்னவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட இந்த மந்திரக்காரர்களை ஆங்கிலேயர் காலம் வரை முத்துக்குளிப்பில் காண முடிகிறது. குளியாட்களில் பலர் கிறித்தவர்களாகிவிட்ட பின்னும் கடல்கட்டி இல்லாமல் பலர் கடலில் இறங்க மறுத்தார்கள். அரசும் அவருக்கு ஊதியம் கொடுத்தது. ஆபத்தான தொழிலில் இறங்குகிறவனுக்குத் துணிவு தேவை. அதை யார் தருகிறார் என்பது அதிகாரிகளுக்கு முக்கியமாகப் படவில்லை.

குளிக்கும் முறை பல நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. விடியுமுன் தரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் பாருக்குப் புறப்படும். குளியாட்கள் இருவர் இருவராகச் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒருவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை ஊன்றி இறங்குவார். கல் சில நொடிகளில் அவரைப் பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அடியில் இருப்பவர் ஒரு நிமிடத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளிவிட்டுக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவார். அவர் மேலே வந்து இளைப்பாறும்போது மற்றவர் அதே கல்லில் இறங்குவார். நண்பகலுக்குப் பின் கடற்காற்று தோணிகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கரையில் சிப்பிகளைப் பங்கு பிரித்து, அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் அவற்றை அடைப்புகளில் கொட்டி ஒரு வாரம் போல அழுகவிட்டு, சதையைக் கழுவி, அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். அழுகும் சிப்பியின் நாற்றம் வெகுதூரம் வீசும். கூட்டம் கூடிய இடங்களில் வாந்திபேதி பரவி, குளிப்பையே பாதியில் நிறுத்த வேண்டிவந்த ஆண்டுகளும் உண்டு.

இந்தத் தொழிலை மூச்சாகக் கொண்டிருந்தவர்கள் பரதவர்கள். 1530களில் முத்து வருவாய் யாருக்கு என்ற போட்டி முற்றியபோது அவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1825இல் நிலையாக ஆங்கிலேயரிடம் வந்தது. ஆட்சி கைமாறும்போதெல்லாம் முத்துப் பார்களின் மீதான உரிமையும் கைமாறியது. எந்த ஆட்சியானாலும் முத்து அரசுக்குரிய பொருளாகவே கருதப்பட்டது.

அரசு தன் வருவாய்க்காக வகுத்த ஒரு நடைமுறை இங்கே கவனிக்கத்தக்கது. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா அல்ல. பார்களை முதலில் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கிச் சிப்பி எவ்வளவு இருக்கிறது, எத்தனை வயது என்று பார்ப்பார்கள். மாதிரிச் சிப்பிகளைக் கழுவி எடுத்த முத்தை மதிப்பீட்டாளர்கள் விலைபோட்ட பிறகுதான் குளிப்பு அறிவிக்கப்படும். இளஞ்சிப்பியாக இருந்தால் பாரை விட்டுவிடுவார்கள். மீன்கள் இளஞ்சிப்பிகளைத் தின்றுவிடும். சூரன் என்ற மட்டி கூட்டமாகப் படர்ந்து அவற்றை மூச்சுத்திணறச் செய்யும். நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடும். இவற்றால் ஒரு குளிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து, இருபது ஆண்டு இடைவெளி விழுந்ததுண்டு. காத்திருப்பது, அளந்து எடுப்பது, மூடிவைப்பது ஆகிய மூன்றும் 1986க்குப் பின் இந்தக் கடலுக்குப் புதிதாக வந்தவை அல்ல. பாதுகாப்பு நோக்கம் அன்று இல்லை. ஆனால் அந்த ஒழுங்கு பார்களை இருபதாம் நூற்றாண்டு வரை காப்பாற்றியது. தூத்துக்குடிப் பார்களில் கடைசியாகத் தொடர் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பின் இயற்கை முத்துக்காகக் குளிப்பு அறிவிக்கப்படவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள்.

சங்குக்குளிப்பின் கதை முத்தைவிட அமைதியானது, ஆனால் நெடிது. முத்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும்; சங்கோ ஆண்டுதோறும் சோறு போட்டது. கொற்கையிலும் அழகன்குளத்திலும் நடந்த அகழாய்வுகளில் அறுத்த சங்குகளும் வளையல் துண்டுகளும் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் வளைகுடாவின் சங்கு பெரும்பாலும் வங்காளத்துக்குப் போனது. அங்கே மணமான பெண்கள் அணியும் வெண்சங்கு வளையல் டாக்கா, கல்கத்தா பட்டறைகளில் அறுக்கப்பட்டது. தூத்துக்குடிப் பகுதியில் பரதவக் குளியாட்களும், கீழக்கரைப் பகுதியில் இசுலாமியக் குளியாட்களும் சங்கெடுத்தார்கள். இராமநாதபுரம் கடற்கரையின் சங்கு உரிமை சேதுபதி மன்னர்களுடையது. பின்னாளில் அரசு அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. இங்கும் அளவுக்கட்டுப்பாடு இருந்தது. கரைக்கு வரும் சங்குகளை அளவுத் துளைகளில் விட்டுப் பார்த்து, சிறியவற்றை உயிரோடு கடலில் திரும்பப் போடுவார்கள். பல லட்சம் சங்குகளுக்கு ஒன்றாக வலம்புரி கிடைத்தால் அது தனி விலை. பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல் இந்தத் தொழிலைப் பற்றி 1914இல் ஒரு முழு நூலே எழுதினார். குளியாட்களின் வாழ்க்கையையும் வளையல் பட்டறையையும் இணைத்துப் பேசும் அந்த நூலுக்கு நிகரானது பின்னர் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தீவுகளுக்கு முதல் 'பார்வையாளர்கள்' வந்தது இந்த முத்து, சங்குத் தொழில்களை ஒட்டித்தான். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1880களில் இராமேசுவரம் பகுதிக்கு வந்து பவளங்கள், கடற்பஞ்சுகள், நட்சத்திர மீன்கள் எனக் கண்டவற்றையெல்லாம் பட்டியலிட்டார். முத்து, சங்குக் குளிப்புகளையும் கடல் உயிர்களையும் பற்றிய அவருடைய நூல் 1890இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீன்வளத் துறை குருசடைத் தீவைத் தன் ஆய்வுக்கும் முத்துச்சிப்பி வளர்ப்புச் சோதனைக்கும் பயன்படுத்தியது. 1927இல் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கிரேவ்லியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் குருசடையின் கரையோர உயிரினங்களைப் பற்றி அருங்காட்சியக வெளியீடாக ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 66 ஹெக்டேர்கூட இல்லாத அந்தத் தீவு இந்திய விலங்கியல் பாடநூல்களில் இடம்பிடித்தது அதிலிருந்துதான். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்ட உறவை விளக்க ஆசிரியர்கள் காட்டும் பலனோகுளோசஸ் என்ற புழு குருசடையின் மணலில் வாழ்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பனுக்கு இரயிலேறி வந்தார்கள். அவர்களும் வாளிவாளியாக உயிர்களை அள்ளிப் புட்டிகளில் அடைத்துச் சென்றார்கள். அன்று அது தவறாகத் தோன்றவில்லை.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் விரைவிலேயே மண்டபத்தைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தங்கவைத்து நோய்ச்சோதனை செய்த முகாமினால் 'மண்டபம் கேம்ப்' என்று பெயர் பெற்ற இடம் அது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை இந்தியக் கடலியலின் மையம் இந்தச் சிற்றூர்தான். அங்கே பணியாற்றிய சி. எஸ். கோபிநாத பிள்ளை பவளங்களை இனம்பிரித்து, 1986 வாக்கில் 37 பேரினங்களைச் சேர்ந்த 94 பவள இனங்களைப் பட்டியலிட்டிருந்தார். பின்வந்த ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 117ஆக உயர்த்தின. பவளம் மட்டுமா? கடற்புல் படுகைகளில் மேயும் கடல் பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை ஆகியவற்றையும் சேர்த்து 3,600க்கு மேற்பட்ட தாவர, விலங்கினங்கள் இந்த வளைகுடாவில் பதிவாகியுள்ளன.

அறிவியலாளர்கள் மண்டபத்தில் பவளத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தூத்துக்குடியில் பவளம் வெட்டி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இந்த வரலாற்றில் மிக வருத்தம் தரும் பகுதி இதுதான்.

பவளக்கல்லைப் பயன்படுத்துவது புதிய பழக்கமல்ல. கரையில் கிடைத்த கல்லைச் சுவருக்கும், சுட்ட சுண்ணாம்பைச் சாந்துக்கும் கடலோர மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்களில் பவளக்கல்லின் துளைகளைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் வீடு கட்ட எடுப்பது வேறு, ஆலைக்கு எடுப்பது வேறு. 1960களிலிருந்து சுண்ணாம்புக் காளவாசல்களுக்கும், கால்சியம் கார்பைடு போன்ற பொருள்களைச் செய்யும் ஆலைகளுக்கும் மூலப்பொருளாகப் பவளம் தேவைப்பட்டது. தரையில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லைவிட அது தூய்மையானது. கூலி கொடுத்தால் கடலில் இறங்கி எடுக்க ஆளும் கிடைத்தது. வத்தைகளில் கடப்பாரையோடு போய்ச் செத்த பவளத்தையும் உயிருள்ள பவளத்தையும் பெயர்த்து, தோணி தோணியாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் இப்படிப் போனது.

கூலிக்குப் போனவர்கள் மீனவர்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் மீன்பாடு குறைந்த மாதங்களில் அன்றாடக் கூலி தரும் வேறு வேலை அந்தக் கரையில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அரசின் அனுமதியோடு நடந்த தொழில் அது. முத்துப் பாரைச் சோதித்து, வயது பார்த்து, காத்திருந்து எடுத்த அதே அரசு நிர்வாகம், பவளப்பாருக்கு எந்தக் கணக்கும் வைக்கவில்லை. முத்து விலைபோகும் பொருள், பவளம் வெறும் கல் என்று நினைத்ததே அடிப்படைப் பிழை.

விளைவு நீருக்கு மேலேயே தெரிந்தது. தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிப்போயின. பட்டியலில் 21 தீவுகள் இருந்தாலும் இன்று நீருக்கு மேலே இருப்பவை 19. வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர் இருந்தது. 2015 அளவில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டது. தூத்துக்குடி அருகில் கல் எடுப்பு மிகக் கடுமையாக நடந்தது. தீவுகள் அங்கேதான் அதிகம் தேய்ந்தன. மண்டபம் பக்கம் அந்த அளவுக்குச் சேதம் இல்லை.

1986ஆம் ஆண்டின் அறிவிப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1989இல் பூங்காவை நடுவில் வைத்து 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யுனெஸ்கோ 2001இல் அதைத் தன் உலக வலையமைப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அறிவிப்பு வந்த அன்றே கடப்பாரைகள் ஓய்ந்துவிடவில்லை. பவளங்களும் கடல் அட்டைகளும் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி, யானைக்கு நிகரான இடத்தில் வைக்கப்பட்ட பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. காவல் இறுகியது, 2004 ஆழிப்பேரலையின்போது தீவுகளும் பார்களும் அலையைத் தாங்கியதைக் கரையோர மக்கள் கண்ணால் கண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பவளம் எடுப்பது நின்றது.

அதே சட்டம் வேறு சிலரின் வயிற்றிலும் கைவைத்தது. கடல் அட்டையைப் பொறுக்கி அவித்து உலர்த்தி ஏற்றுமதிக்குக் கொடுத்துவந்த குடும்பங்கள் ஒரே அறிவிப்பில் தொழிலை இழந்தன. தீவோரத்தில் பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1960களில் அகர் தயாரிக்கும் ஆலைகள் வந்ததிலிருந்து பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி முதலிய ஊர்களின் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை ஆகியவற்றை மூழ்கி எடுத்து வருகிறார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காதபடி விரலில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. அவர்களுடைய கருவிகள் இவ்வளவுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு இந்தப் பாசியால் எரிகிறது. பூங்கா எல்லைக்குள் நுழைவது குற்றம் என்றான பிறகு அவர்கள் படகோடு பிடிக்கப்பட்டார்கள், அபராதம் கட்டினார்கள்.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சங்கமாகத் திரண்டு, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது, பவளத்தைக் கீறும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பணிக்காகவே. அளந்து எடுத்து ஓய்வு கொடுக்கும் பழைய ஒழுங்கை இந்த முறை அரசு அல்ல, கடலில் இறங்குகிற பெண்களே நிலைநாட்டினார்கள். பூங்காவின் வரலாற்றில் அரசாணைகளுக்கு நிகரான இடம் இதற்கு உண்டு.

கடப்பாரை நின்ற பிறகு வந்த ஆபத்துகளைக் காவல் படகால் தடுக்க முடிவதில்லை. கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. அந்தப் பாசிதான் அதற்கு நிறமும் உணவும். வெப்பம் சில வாரங்களில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வளைகுடா முழுவதும் இப்படி வெளுத்தது. 2016இல் மட்டும் உயிர்ப்பவளத்தில் சுமார் 16 விழுக்காடு மாண்டது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பில் 2005இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரவல் 2021இல் சுமார் 27 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

இன்னொரு ஆபத்து மாற்று வாழ்வாதாரம் என்ற நல்ல பெயரோடு வந்தது. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுச் செம்பாசியை வளர்க்கும் சோதனை 1990களில் மண்டபம் பகுதியில் தொடங்கியது. பிறகு ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் முதலீட்டோடு வணிக அளவில் மிதவைகளில் வளர்க்கப்பட்டது. பாக் நீரிணைப் பக்கம் வளர்த்தால் தீவுகளுக்குத் தீங்கில்லை என்று கருதினார்கள். 2008இல் குருசடையின் பவளங்களின் மேல் அந்தப் பாசி பாய் விரித்ததுபோலப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒளி மறைக்கப்பட்ட பவளம் அடியிலேயே செத்துக்கொண்டிருந்தது. வனத்துறையும் உள்ளூர் மக்களும் அதைக் கையால் பறித்து அகற்றி வருகிறார்கள். சிறு துண்டு மிஞ்சினாலும் மறுபடி முளைத்துவிடுவதால் அந்த வேலை முடிவதில்லை.

தேய்ந்துவரும் தீவுகளை மீட்கும் முயற்சி வான் தீவில் தொடங்கியது. 2015க்குப் பின் அதன் கடல்பக்கம் துளையிட்ட கான்கிரீட் கூண்டுகளைச் செயற்கைப் பாராக இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மணல் சேரத் தொடங்கியது, கூண்டுகளில் மீன்களும் இளம் பவளங்களும் குடியேறின. தீவின் அரிப்பு மட்டுப்பட்டது. மூழ்கும் நிலையில் இருக்கும் கரியாச்சல்லிக்கும் இப்போது அதே முறை விரிவாக்கப்படுகிறது. 

தீவுகளுக்குள் பொதுமக்கள் தாமாக நுழையச் சட்டம் அனுமதிப்பதில்லை. வனத்துறை ஏற்பாடு செய்யும் சில இடங்களில் மட்டும், துறையின் படகில், உள்ளூர் மக்களைக் கொண்ட குழுக்களின் துணையோடு போய்வரலாம். அவற்றில் முதன்மையானது பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைக்குப் போகும் பயணம். 1897 ஜனவரி 26 அன்று கொழும்பிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாஸ்கர சேதுபதியின் வரவேற்பில் கரையிறங்கிய துறை அந்தக் குந்துகால். நினைவு மண்டபம் ஒன்று அங்கே இருக்கிறது. ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன் வலசையிலிருந்தும் பவளத்திட்டு வரை படகு விடப்படுகிறது. வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். முத்துக்குளிப்புக்கு அந்தக் காலத்தவர் தேர்ந்தெடுத்ததும் ஏறக்குறைய இதே பருவம்தான். காற்று மாறினால் படகு நிறுத்தப்படும்; ஆகவே புறப்படுமுன் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

போகிறவர்கள் பவளத்தின் மேல் காலூன்றக் கூடாது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும் கிளை ஒரு மிதியில் முறிந்துவிடும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெண்மையான துண்டையும் எடுத்து வரக் கூடாது. தீவு அந்தத் துண்டுகளால்தான் ஆனது. உயிருள்ளதானாலும் செத்ததானாலும் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.